யசோதர தடாகத்து நடுத்தீவு

தில்லைத் திருச்சிற்றம்பலமுடையார் திருக்கோயிலில் ஒரு கல்லுண்டு. காம்போச நாட்டரசன் சோழவேந்தனுக்குக் காட்சிப் பொருளாகக் காட்டிய கல் அது என்றும், அவ்வேந்தன் திருவாய் மலர்ந்தவாறு அது பெருமான் கோயிலில் வைக்கப்பெற்றதென்றும் ஆண்டுள்ள கல்வெட்டே கூறும். வேந்தன் முதற் குலோத்துங்கன், ஆண்டு கி. பி. 1114. அதற்கு ஏறத்தாழ நூறாண்டு முன்னரே காம்போசராசன் முதல் இராசேந்திரனது நட்பை வேண்டித் தேர் ஒன்று விடுத்த செய்தியைக் கரந்தைச் செப்பேடுகள் தெரிவிக்கின்றன.

இத்தொடர்பை வைத்து அந்நாட்டை நினைக்கும் நம்மனோர் பலரும் அங்கோர் வாட் என்னும் பெருங்கோயிலளவில் நின்றுவிடுகின்றனர். அது திருமாலுக்கென எடுக்கப்பெற்றது. அதற்கு நூற்றறுபது ஆண்டு முற்பட்டதாய், ஒரு பெருந்தடாகத்தின் நட்டநடுவே, மனிதர் கையால் ஆக்கிய சிறு தீவொன்றின்மேல் சிவபிரானுக்கு எடுத்த கோயில் ஒன்று அங்கே நிற்கின்றது. இன்று அந்நாட்டார் அதனை மேபோன் என்பர். அருளுடைய அன்னை என்பது அச்சொல்லின் பொருள் என்ப. அருகிலுள்ள மேலைத் தடாகத்தின் நடுவேயும் ஒரு மேபோன் இருத்தலின், இதனைக் கீழை மேபோன் எனப் பிரித்துக் கூறுவர். இத்தீவினை யார், யார் பொருட்டு, எதற்காக ஆக்கினர் என்பதனையே ஈண்டு ஆராயப் புகுந்தேம்.

முதலில் தடாகம். கி. பி. 889 இல், அஃதாவது சகம் 811 இல் முடிசூடிய யசோவர்மன் தன் புதுநகராகிய யசோதரபுரத்தின் கீழ்ப்பால் அதனை அமைத்தான். நீளம் ஏறத்தாழ ஏழரைக் கிலோமீட்டர், அகலம் 1.8 கிலோமீட்டர். நம் நாட்டு ஏரிகள் பெரும்பாலும் தாழ்நிலத்திற்கு ஒருபுறம் கரையிட்டு மழைநீரை மறித்தவை. இஃது அவ்வாறன்று. சமநிலத்தின்மேல் நாற்புறமும் மண்கரை உயர்த்தி, ஆற்றுநீரை உட்செலுத்தி நிறைத்தது. அகழ்ந்தது சிறிது, எழுப்பியது பெரிது என்க. நான்கு மூலைகளிலும் கல்வெட்டுக்கள் நாட்டித் தன் பெயரால் யசோதர தடாகம் என்று அதனை வழங்கச் செய்தான். தென்கரையில் அந்தணர்க்கும் வைணவர்க்கும் பௌத்தர்க்குமாகத் தனித்தனி ஆச்சிரமங்கள் அமைத்து, அவற்றின் ஒழுகலாறுகளையும் கல்லில் எழுதுவித்தான். சைவாசாரியர்க்கும் பாசுபதாசாரியர்க்கும் செய்யத்தகும் வரிசைகள் அவற்றுள் ஒன்றிற் கூறப்பட்டுள்ளமை நம் அன்பர்கள் அறிந்து மகிழற்பாலது.

ஆயின் அத்தடாகத்தின் நடுவே தீவுக்கோயிலை நிறுவியவன் யசோவர்மன் அல்லன். அவன் காலத்திற்குப் பின் தலைநகரம் வடகிழக்கே கோகேர் என்னுமிடத்திற்குப் பெயர்ந்தது. கி. பி. 944 இல் அரசெய்திய இராசேந்திரவர்மன் யசோதரபுரத்துக்கு மீண்டு வந்து நகரைப் புதுக்கினான். அவன் தாய் மகேந்திரதேவி யசோவர்மனுக்குத் தங்கைமுறையாவாள். ஆகலின் மாமன் அமைத்த தடாகத்தில் மருமகன் தீவு வைத்தான் என்பது பெறப்படும். குடமுழுக்கு நிகழ்ந்தது சகம் 874, கி. பி. 953 ஆம் ஆண்டு சனவரி 28 ஆம் நாள், வெள்ளிக்கிழமை.

இதற்கு முன்னோடி ஒன்றுண்டு. யசோவர்மனின் தந்தையாகிய இந்திரவர்மன் கி. பி. 877 இல் பட்டமெய்தியபொழுது, இன்றைக்கு ஐந்து நாட்களுள் குளந்தோண்டத் தொடங்குவேன் என்று சூளுரைத்தானாக அவன் கல்வெட்டிற் சொல்லப்படுகின்றது. அவ்வாறு எழுந்தது அரிகராலய நகரின் வடக்கேயுள்ள இந்திர தடாகம், நீளம் 3.8 கிலோமீட்டர், அகலம் 800 மீட்டர். அவன் மறைந்த பின்னர், கி. பி. 893 இல் அத்தடாகத்தின் நடுத்தீவில் செங்கற்கோயில்கள் நான்கினை மகன் எடுத்தான். இன்று லோலெய் எனப்படுவது அதுவே. முன்வரிசைக் கோயில்கள் இரண்டும் தந்தைக்கும் தாயைப் பெற்ற பாட்டனுக்கும், பின்வரிசையிரண்டும் தாய்க்கும் பாட்டிக்கும் உரியன. அவற்றின் வாயில் நிலைக்கற்களில் பணிமக்களின் பெயர்கள் கெமர் மொழியில் நிரல்பட வெட்டப்பட்டுள்ளன. ஆடுவாரும் பாடுவாரும் அடுவாரும் காப்பாருமாகிய அவர்கள் வளர்பிறையில் ஒரு சாராரும் தேய்பிறையில் ஒரு சாராரும் முறைமாறிப் பணிசெய்தனர். தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களைத் தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் இராசராசன் வெட்டுவித்ததற்கு நூறாண்டு முற்பட்ட செயல் இது. முறை வந்த நாளில் அம்மக்கள் அனைவரும் பூவும் அரிசியும் விளக்கெண்ணெயும் ஏந்தி ஓடத்தில் ஏறித்தானே போந்திருத்தல் வேண்டும்!

தந்தை தடாகம் தொடுவான். மகன் அதன் நடுவே தீவு வைத்து, அதில் தந்தை தாயரை நினைந்து கோயில் எடுப்பான். மேபோனிலும் இம்முறையே காணப்படுகின்றது. தடாகம் மாமனுடையது, கோயிலோ பெற்றோரை நினைந்தது. மேபோன் கல்வெட்டு இருநூற்றுப் பதினெட்டு வடமொழிச் செய்யுட்களாலாகிய பெருங்கவி. பிரெஞ்சு அறிஞர் லூயி ஃபினோ அதனை 1925 இல் பதிப்பித்தார். நடுவே இராசேந்திரேசுவரம் என்னும் இலிங்கமும், அரசனின் தந்தையையும் தாயையும் நினைந்து அமைத்த சிவன் உமை திருவுருவங்களும், திருமால் நான்முகன் திருவுருவங்களும், இவற்றைச் சூழ எட்டு இலிங்கங்களும் நிலைபெறுவிக்கப் பெற்றன என்பது அதனால் அறியப்படும்.

இவ்வெட்டு இலிங்கங்களே எம் உள்ளத்தைப் பெரிதும் ஈர்த்தன. அவை அட்டமூர்த்தங்கள். நிலம், நீர், தீ, வளி, வான், ஞாயிறு, திங்கள், இயமானன் என எண்பேருருவினனாய் இறைவன் நிற்றலை அப்பரடிகள் நின்ற திருத்தாண்டகத்து அருளியிருத்தலை நம் அன்பர்க்கு நினைவூட்டல் மிகை. மேபோன் கவிஞன் அத்திருத்தாண்டகத்தைக் கேட்டிருப்பான் என்று கூற யாம் முற்படவில்லை. நம்மவருள் சிலர், கடல் கடந்த நாட்டில் எங்கே ஓர் இலிங்கம் கண்டாலும் அதனைத் தமிழரே சென்று நாட்டினர் என முழங்குவர். சான்றில்லாத பெருமை நமக்கு வேண்டா. அட்டமூர்த்தக் கொள்கை புராணங்களிலும் ஆகமங்களிலும் காளிதாசன் நாடகத்தின் முதற் செய்யுளிலும் உள்ளது. பொதுவூற்றிலிருந்து இரு நாட்டாரும் முகந்தனர் எனலே நேர்மை.

சில்லாண்டுகளுக்கு முன் திருக்கூட்டம் ஒன்றனோடு யாம் அந்நாட்டிற்குச் சென்றிருந்தபோது இத்தீவினைக் கண்டேம். தீவு என்கின்றேம், நீர் ஒரு துளியும் இல்லை. தடாகம் தூர்ந்து பன்னெடுங்காலமாயிற்று. நெல்வயலும் பனையும் குடிசைகளுமாகிய நிலத்தின் நடுவே, பக்கம் நூற்றிருபது மீட்டர் அளவினதாய்ச் செம்புராங்கற் சுவர் சூழ்ந்த மேடொன்று எழுந்து நிற்கின்றது. எம்முடன் வந்தோர் அதனைச் சிறியதொரு மலைக்கோயில் என்றே கொண்டனர். நாற்புறமும் வெளிநோக்கி நீண்ட படித்துறைகளைக் காட்டி, இவை ஓடம் வந்து அணையும் துறைகள் என்று விளக்கிய பின்னரே அவர்கள் கண்ணுக்கு நீர் தோன்றிற்று. மேடையின் மூலைகளில் ஒற்றைக் கல்லில் வடித்த யானைகள் நிற்கின்றன. ஆளுயரத்தினும் மேற்பட்டவை, கழுத்துமணியும் சேணமும் செவ்வனே செதுக்கப்பெற்றவை. பரந்த நீரை நோக்கி நின்ற அவை இன்று வயலை நோக்கி நிற்கின்றன.

எட்டுச் சிறுகோயில்களும் எண்டிசையினும் ஒவ்வொன்றாக வைக்கப்பட்டிருக்கும் என்றே யாம் எண்ணிச் சென்றேம். அவ்வாறில்லை. உட்சுற்றின் நான்கு வாயில்களிலும் வழிக்கு இருமருங்கும் இவ்விரண்டாக நிற்கின்றன. எந்தத் துறையில் இறங்கி எவ்வாயில் வழிப் புகினும், வழிபடுவோன் இரண்டு மூர்த்தங்களின் இடையேதான் நடந்து செல்லல் வேண்டும். அதற்கப்பால் உயர்ந்ததோர் மேடை. அதன்மேல் நடுவே ஒன்றும் மூலைகளில் நான்குமாக ஐந்து கோயில்கள். நடுக்கோயில் தனிப்பீடத்தின்மேல் ஏனையவற்றினும் ஓங்கி நிற்கின்றது. எண்பேருருவினனாய் உலகெங்கும் கலந்து நிற்பினும் அவற்றின் தன்மை தன்னைத் தாக்காது அப்பாலாய் நிற்பவன் இறைவன் என்பது நம் சித்தாந்தம். கட்டியவர் இதனையே கருதினர் என்று அறுதியிட எம்மால் இயலாது; எனினும் கட்டடத்தின் அமைப்பு இப்பொருளுக்கு மாறுபடவில்லை. எண்மூர்த்தங்களுள் நீருக்குரிய திருநாமம் பவன். நீரே சூழ்ந்த தீவில் பவமூர்த்தத்தை நீரின்மேல் ஓடத்தில் வந்து வழிபடுதல் எத்துணைப் பொருத்தம்! திருவானைக்காவில் அப்புலிங்கத்தைத் தொழுது பழகிய நமக்கு இது புதிதாகத் தோன்றாது.

இனி வழக்குக்கு வருவோம். காம்போச மன்னர்கள் தம்மையே கடவுளராக வைத்து வழிபடச் செய்தனர் என்றும், இராசேந்திரேசுவரம் போன்ற பெயர்களே அதற்குச் சான்று என்றும் மேலைநாட்டறிஞர் பலர் எழுதினர். தேவராசன் என ஒரு வழிபாடு அந்நாட்டில் இருந்தமை கி. பி. 1052 இல் எழுந்த சுதோக் காக் தோம் கல்வெட்டால் விளங்குகின்றது. தேவராசன் என்னும் தொகையை அவர்கள் ‘தேவனாகிய அரசன்’ என விரித்தனர். அதே கல்வெட்டின் கெமர் மொழிப் பகுதி அத்தெய்வத்தை ‘அரசனாகிய உலகத் தலைவன்’ என்னும் பொருள்படவே வழங்குகின்றது. அஃதாவது அரசனுக்குத் தெய்வத்தன்மை கூறியதன்று. தெய்வத்திற்கு அரசத்தன்மை கூறியது. செருமானிய அறிஞர் குல்கே 1978 இல் இதனைத் தெளிவாக எடுத்துக்காட்டினார். ஒரு தொகையைப் பிரித்தலில் நேர்ந்த வழு ஒரு நாட்டாரின் சமயத்தையே திரித்துவிட்டமை காண்க. பாடசாலையில் வேற்றுமைத்தொகையையும் இருபெயரொட்டையும் மாறி விரித்துத் தலையிற் குட்டுப்பட்ட நாட்கள் எமக்கு நினைவில் எழுந்தன.

பெயர்வைப்பும் நமக்குப் புதிதன்று. இராசேந்திரவர்மன் மேபோனை எடுத்த அதே நூற்றாண்டில், முதற் பராந்தக சோழன் தன் தந்தை ஆதித்தனை நினைந்து காளத்திக்கு அண்மையில் தொண்டைமானாற்றூரில் ஆதித்தேச்சரம் எடுத்தான். இராசராசன் மேற்பாடியில் தன் பாட்டன் அரிஞ்சயனுக்கும், இராசேந்திரன் பழையாறையில் பஞ்சவன்மாதேவிக்கும் பள்ளிப்படைக் கோயில்கள் எடுத்தனர். ஆண்டு வழிபடப்பெறுவது ஆதித்தனோ மாதேவியோ அல்லர், சிவபெருமானே. பெயர் மாத்திரம் நினைவின்பொருட்டு ஈச்சரத்தொடு சேர்ந்தது. இராசேந்திரேசுவரம் எடுத்தவன் பெயரால் அமைந்தது. லோலெய்க் கோயில்கள் மறைந்தோர் பெயரால் அமைந்தன. தஞ்சை இராசராசேச்சரமும் ஆதித்தேச்சரமும் இவ்வாறே வேறுபடுதல் காண்க.

அற்றாயின் பெற்றோரைச் சிவனும் உமையுமாக வடித்தமை யாங்ஙனம் பொருந்தும் எனின், கூறுதும். அம்மன்னர்கள் மறைந்தபின் வழங்கப்பெற்ற பெயர்களை நோக்குக. இந்திரவர்மன் ஈசுவரலோகன், யசோவர்மன் பரமசிவலோகன், இராசேந்திரவர்மன் சிவலோகன். ஈசனது உலகை அடைந்தவன், சிவனுலகை அடைந்தவன் என்பதன்றி ஈசனே ஆயினான் என்பது இப்பெயர்களின் பொருளன்று. இது சாலோகம். அவ்வுலகெய்தியோர் இறைவனது திருவுருவைப் பெற்று விளங்குதல் சாரூபம். சரியை முதலிய நான்கு பாதங்களின் பயனாகச் சாலோகம், சாமீபம், சாரூபம், சாயுச்சியம் என நம் நூல்கள் வகுத்தவற்றுள், அவ்வுருவங்கள் மூன்றாம் பயனைக் கண்ணுக்குக் காட்டுவன என்றே யாம் கொள்வேம். உருவொப்புமை ஒன்று, ஒன்றேயாதல் வேறு. சாரூபம் பெற்றவன் ஐந்தொழில் செய்யான். இவ்வேறுபாட்டைக் கருதாமையால் அன்றோ, பெற்றோர் நற்கதி பெறுக என மகன் செய்த வழிபாடு அரசனைக் கடவுளாக்கும் செருக்கு எனப் பழிக்கப்பட்டது?

மற்றொரு வழக்குத் தடாகம் பற்றியது. பெர்னார் பிலிப் கிரொஸ்லியே என்னும் பிரெஞ்சு அறிஞர், இத்தடாகங்கள் நெல்வயலுக்கு நீர் பாய்ச்சவே எழுந்தன என்றும், அங்கோர் நகரின் செல்வம் முழுவதும் அந்நீரால் விளைந்ததென்றும் 1979 இல் எழுதினார். மறுத்தவர்கள், நீர் வெளிச்செல்லும் மதகு எங்கே என வினவினர். கல்வெட்டுக்களில் பாசனம் பற்றிய பேச்சே இல்லை என்றனர். நடுவே கோயில் இருத்தலின் இது தீர்த்தமே, கடல் சூழ்ந்த மேருவின் வடிவே என்றனர். பின்னர் யசோதர தடாகத்தின் கீழ்க்கரையில் கிரோல் ரோமியாஸ் என்னுமிடத்தில் செம்புராங்கல்லாலாகிய பெரிய நீர்வாய் ஒன்று அகழ்ந்து காணப்பட்டது. அண்மைக்காலத்து வானளவைகள் தடாகங்களோடு இணைந்த கால்வாய்களையும் பலவாகக் காட்டியுள்ளன.

இவ்வழக்கில் இரு திறத்தாரும் ஒன்றை மறந்தனர் என்பது எம் கருத்து. தீர்த்தம் ஆயின் பாசனம் ஆகாது, பாசனம் ஆயின் தீர்த்தம் ஆகாது என்னும் பாகுபாடு நீரை வணங்கியும் உண்டும் வாழ்ந்த மக்களிடம் இல்லை. காவிரியில் ஐப்பசி முழுதும் முழுகுகின்றோம். அதே நீர் குறுவைக்கும் சம்பாவுக்கும் பாய்கின்றது. கல்வெட்டுப் பாடிய கவிஞன் வாய்க்காலைப் பாடாமை வாய்க்கால் இன்மைக்குச் சான்றாகாது. மேலும், நடுத்தீவிற் கோயில் இருப்பின் கரையையும் நீரையும் காக்கும் கடமை அரசனோடு ஒழியாது கோயிலுக்கும் பணிமக்களுக்கும் உரியதாகும். தீவுக்குச் செல்லும் ஓடம் தரைதட்டினால் அன்றே குளம் தூர்ந்தமை எல்லார்க்கும் தெரியுமன்றோ? திருவாரூர்க் கமலாலயத்தின் நடுவண் நாகநாதர் கோயிலுக்கு ஓடத்திற் சென்று வழிபட்டோர் இதனை எளிதில் உணர்வர். வேறுபாடும் ஒன்றுண்டு. நம் நாட்டுத் தெப்பக்குளங்களின் நீராழி மண்டபம் பெரும்பாலும் விழாநாளில் மூர்த்தி எழுந்தருளி இருந்து மீளும் இடம்; மேபோன் போல மூலமூர்த்தி நிலையாக வீற்றிருப்பது கமலாலயம் போன்ற சிலவற்றில் மாத்திரமே.

இக்கோயிற் பணியை நடாத்தியவன் யார் என்பது இன்னும் வியப்பு. கவீந்திராரிமதனன் என்னும் அமைச்சன். அவன் பௌத்தன். தானே எடுத்த பாத்சும் என்னும் பௌத்தக் கோயிலில், கி. பி. 960 ஐ ஒட்டி எழுந்த கல்வெட்டு, யசோதர தடாகத்து நடுவண் கோயிலைச் சமைக்கும் பணியை அரசன் அவனுக்கே அளித்தமையைக் கூறுகின்றது. இலிங்கப் பிரதிட்டைக்குரிய கோயிலைப் பரசமயத்தான் ஒருவன் முன்னின்று எழுப்பியதனை நம் மரபில் வந்தோர் கேட்பின் புருவம் நெரிப்பர். யாமும் முதலில் நெரித்தேம். ஆயின் அளவை பிறழாத படித்துறைகளையும் யானைகளையும் கண்டபின், அவன் பணியிற் குறைகூற எமக்கு வாயெழவில்லை. பிரதிட்டை செய்தோர் சிவாசாரியரே. கல்லும் செங்கல்லும் அடுக்குவித்தவன் அவன்.

இருநூற்றைம்பது ஆண்டு கழித்து, சமயம் மாறிய பின்னரும் இம்முறை தொடர்ந்தது. மகாயான பௌத்தனாகிய ஏழாம் சயவர்மன் தன் தந்தையை நினைந்து கி. பி. 1191 இல் பிரியாகான் கோயிலை எடுத்தான். அதன் கீழ்ப்பால் அவன் அமைத்த சயதடாகத்தின் நடுவே நியாக் பொன் என்னும் தீவு உள்ளது. ஆண்டு நடுக்குளத்தின் நாற்புறமும் சிறுகுளங்கள். யானை, மனிதன், குதிரை, சிங்கம் ஆகிய தலைகளின் வாய்வழி நீர் வந்து வீழும். நீராடுவோர் பாவம் போக்கும் தீவு என அவன் கல்வெட்டு அதனைப் புகழ்கின்றது.

தூர்ந்து கிடந்த சயதடாகத்தில் அண்மைக்காலத்தே மீண்டும் நீர் நிறைக்கப்பட்டது. நியாக் பொன் இன்று மெய்யாகவே தீவு. நீரின்மேல் இட்ட மரப்பாலத்தின்மேல் நடந்துதான் அதனை அடைதல் வேண்டும். லோலெய்த் தீவில் பௌத்த மடம் ஒன்று நடைபெறுகின்றது. நால்வர் பெயராலமைந்த செங்கற்கோயில்கள் அம்மடத்தின் முற்றத்தில் சிதைந்து நிற்கின்றன. மேபோனைச் சூழ்ந்து மாத்திரம் நெல் விளைகின்றது. மழைக்காலத்தில் அவ்வயல்களில் நீர் தேங்கி நிற்கும்போது, கீழைப்படித்துறையின் அடிக்கற்கள் சிறிதே நனையும் என்று ஆண்டுள்ள காவலர் ஒருவர் எமக்குச் சொன்னார்.